ஸ்ரீ பிள்ளைலோகாசார்யர் வைபவம்

திருவரங்கத்தில் வடக்குத் திருவீதிப்பிள்ளையின் திருக்குமாரராய், ஐப்பசித் திருவோண நன்னாளில் அவதரித்தவர் ஸ்ரீ பிள்ளைலோகாசார்யர். ஸ்ரீவசனபூஷணம், முமுக்ஷுப்படி முதலாகப் பதினெட்டு ரஹஸ்யங்களை அருளிச்செய்த பரமகாருணிகர்.

1323ஆம் ஆண்டில் டில்லிப் படை அரங்கமாநகரை நெருங்கியது. மூலவர் ஸந்நிதியைக் கற்சுவரால் மறைக்கச் செய்து, உற்சவரான அழகியமணவாளனை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு, தள்ளாத முதுமையிலும் தென்திசை நடந்தார் ஆசார்யர். மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு எய்தினார். பெருமாள் நகர் மீண்டதைக் கண்ணாரச் சேவிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

மலைநாடு, மேல்கோட்டை, திருமலை எனப் பல தலங்களில் பெருமாள் தங்கினார். ஆங்காங்கே அன்பர்கள் ஆராதித்தும், அரங்க மக்களை அவர் மறந்தாரில்லை. 48 ஆண்டுகள் கழித்து, 1371இல், விஜயநகரத் தளபதி கோபணாரியரின் கைங்கர்யத்தால் தம் நகருக்கே எழுந்தருளினார். இடையில் வேறொரு திருமேனி ஆராதிக்கப்பட்டு வந்தமையால், வந்தவர் பண்டைய பெருமாள்தாமோ என ஊரார் ஐயுற்றனர். கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனத்தில் நனைந்த ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, இவரே நம்பெருமாள் என்று தெளிவித்ததாகப் பெரியோர் பணிப்பர். அன்று முதல் அதுவே அவருக்குத் திருநாமமாயிற்று.

தம்மை நம்மவர் என்று உரிமை கொண்டாடிய அவ்வூர் ஏழைத் தொண்டரின் சொல்லையே பெயராகச் சூடினார் பெருமாள். அப்பெயரைச் சொல்லிச் சேவிக்கும்போதெல்லாம், அவரைக் காத்தளித்த ஆசார்யரையும் நாம் நினைப்போமாக.