லூயி பிரெயில்

லூயி பிரெயில் (ஜனவரி 4, 1809 – ஜனவரி 6, 1852) பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்து முறையை உருவாக்கியவர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த இவர் ஆசிரியராகவும் தேவாலய ஆர்கன் இசைக் கலைஞராகவும் விளங்கினார்.

இளமை

பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் பட்டறையிலிருந்த குத்தூசி ஒரு கண்ணில் பட்டது. தொற்று மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதளவில் பார்வை முற்றிலும் போயிற்று. 1819இல் உதவித்தொகை பெற்றுப் பாரிசிலுள்ள பார்வையற்ற இளைஞர் கல்விக்கூடத்தில் சேர்ந்தார்.

எழுத்து முறை

அங்கிருந்த நூல்களில் வழக்கமான உரோமன் எழுத்துகளே தடித்த தாளில் புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. நிறுவனர் வலாந்தன் அவுய் வகுத்த முறை அது. அவை கண்ணுக்கென அமைந்த வடிவங்கள். விரலால் மெல்லத் தடவியே படிக்க இயலும். அம்முறையில் மாணவர் தாமே எழுதுவதும் அரிது.

1821இல் முன்னாள் படை அலுவலர் சார்லஸ் பார்பியே தம் பன்னிரண்டு புள்ளி முறையை அக்கல்விக்கூடத்திற்கு அறிமுகப்படுத்தினார். அது ஒலிகளை மட்டுமே குறித்தது. எழுத்துக்கூட்டலுக்கோ நிறுத்தக் குறிகளுக்கோ அதில் இடமில்லை. ஒரு குறி விரல்நுனியின் பரப்பையும் மீறியது. பிரெயில் புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். இரு நிரல்களில் மும்மூன்றாக அமையும் அவற்றால் 63 குறிகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரே தொடுகையில் உணரலாம். 1824இல், தம் 15ஆம் வயதில், இதை வகுத்து முடித்தார். நூல் 1829இல் வெளிவந்தது.

பார்வையுள்ள நிருவாகிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. தாங்கள் படிக்க முடியாத எழுத்து மாணவரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்பது அவர்கள் கருத்து. 1840இல் பொறுப்பேற்ற இயக்குநர் துஃபோ இதைத் தடை செய்தார். மாணவர் மறைவாகப் பயன்படுத்தி வந்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் இம்முறை அனைவர் முன்னும் செய்து காட்டப்பட்டது. இதற்கிடையே, பார்வையற்றவர் பார்வையுள்ளவருக்குக் கடிதம் எழுத, புள்ளிகளால் உரோமன் எழுத்துருவை ஆக்கும் முறையொன்றையும் பிரெயில் 1839இல் வெளியிட்டார். அவ்வச்சத்திற்கு இதனினும் தக்க விடை இல்லை எனலாம்.

பிரெயில் காசநோயால் இறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1854இல் பிரான்ஸ் இவ்வெழுத்தை ஏற்றது.

தமிழும் கணினியும்

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வி பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரால் தொடங்கப்பட்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருவானது. இதில் அகரத்திற்கு ஒரே புள்ளி. தமிழ் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் ஒரே குறி.

கணினிக்கெனப் புள்ளிகள் எட்டாக்கப்பட்டு, 256 வடிவங்கள் 1999இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. திரைபடிப்பான் மென்பொருள் அனுப்பும் எழுத்துகள் பிரெயில் காட்டியில் சிறு ஊசிமுனைகளாக எழும்பும். வலைப்பக்கத்தில் சொற்கள் படமாக மட்டும் இடப்பட்டு, மாற்று உரையும் தரப்படாவிடில், அவை அக்கருவியை எட்டுவதில்லை.