புளிப்பின் இரகசியம் கண்ட பேரறிஞர் லூயி பாஸ்டர்

நம் செகிஞ்சான் வட்டாரத்தில் இன்று நெல்வயல்களும் செம்பனைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கின்றன. ஆயினும், பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர் ஒன்றை நன்கறிவர். மங்கில் வடிந்த பாலை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால், அது தானே உறைந்து புளித்த நாற்றம் வீசும். இரவில் அரைத்து வைத்த தோசை மாவும் விடியற்காலையில் பொங்கிப் புளித்துவிடுகிறது. இவற்றைப் புளிக்கச் செய்வது எது? இவ்வினாவிற்கு விடை தேடி உழைத்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம். அவரே லூயி பாஸ்டர்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், பிரான்சு நாட்டின் டோல் நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. அர்புவா என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் வளர்ந்த பாஸ்டர், தொடக்கத்தில் படிப்பில் பெரிதும் சிறந்து விளங்கவில்லை. ஓவியம் தீட்டுவதிலேயே ஆர்வம் காட்டினார். இளமையில் மேற்படிப்புக்காகப் பாரிசுக்குச் சென்றவர், வீட்டு நினைவு தாங்காமல் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டார். எனினும் அவர் மனந்தளரவில்லை. மீண்டும் முயன்று, 1843-இல் பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியர் கல்லூரியில் இடம் பெற்றார்.

1854-இல் அவர் லீல் நகரில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்குப் பீட்ரூட் கிழங்கின் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் பல இருந்தன. 1856-இல் ஆலை முதலாளி ஒருவர் பாஸ்டரிடம் உதவி வேண்டி வந்தார். சில தொட்டிகளில் சாறு நன்கு நொதித்துச் சாராயமாக, வேறு சிலவற்றில் அது வீணே புளித்துக் கெட்டது. இழப்போ பெரிது, காரணமோ விளங்கவில்லை.

பாஸ்டர் தொட்டிகள்தோறும் சென்று, சாற்றைத் துளித்துளியாக எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நல்ல சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் உருண்டை உருண்டையாகக் காணப்பட்டன. புளித்துக் கெட்ட சாற்றிலோ நீண்ட வடிவங்கள் தென்பட்டன. நொதித்தல் என்பது உயிரற்ற பொருளின் சிதைவே என்று அக்கால வேதியியல் அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அது நுண்ணுயிர்களின் வேலை என்பதைப் பாஸ்டர் ஆய்வின்வழி நிறுவினார்.

1857-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரையில் மற்றோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார். எந்த நுண்ணுயிர் மேலோங்கும் என்பதைச் சாற்றின் புளிப்பும் முடிவு செய்கிறது. ஓரளவு புளிப்பில் ஈஸ்ட் செழிக்கும். சுண்ணக்கட்டித் தூளைச் சேர்த்துப் புளிப்பை அடக்கினால், தயிரில் உள்ள லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகும். நீர் நிற்கும் வயலில் நெல் தழைக்கிறது. அதே வயலில் மிளகாய்ச் செடியை நட்டால் வேர் அழுகுகிறது அன்றோ? நுண்ணுயிர்களுக்கும் அவ்வாறே தத்தமக்கு ஏற்ற இடம் உண்டு.

இவ்வறிவின் பயனைப் பிற்காலத்தார் பெற்றனர். பழரசங்களுக்கும் மிட்டாய்களுக்கும் புளிப்பூட்டும் சிட்ரிக் அமிலம் முன்பு எலுமிச்சைப் பழத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 1917-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கரி, கடும்புளிப்பான சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சணத்தை வளர்த்தால் அவ்வமிலம் மிகுதியாகக் கிடைக்கும் என்று கண்டார். புளிப்பு குறைந்தால் அப்பூஞ்சணம் வேண்டாத ஆக்சாலிக் அமிலத்தைத் தருகிறது. பிற கிருமிகளும் புகுந்துவிடுகின்றன. சிட்ரிக் அமிலம் தரும் ஈஸ்ட் வகை ஒன்றும் உண்டு. அதன் இயல்போ இதற்கு மாறானது. மென்புளிப்பில் அமிலத்தைத் தரும் அது, புளிப்பு மிகுந்தால் இனிப்புப் பொருள்களை ஆக்கத் தொடங்கிவிடுகிறது.

உலகுக்கு நலம் தேடிய பாஸ்டரின் இல்லத்தில் துயரம் சூழ்ந்தது. அவர்தம் பெண்மக்கள் மூவர் 1859-க்கும் 1866-க்கும் இடையில் இறந்தனர். அவருள் இருவரை விடக்காய்ச்சல் கொண்டு சென்றது. 1868-இல் அவரையே வாதநோய் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45. ஆனால் ஆய்வுக்கூடத்தின் விளக்கு அணையவில்லை. நுண்ணுயிர் சாற்றைக் கெடுக்குமாயின், மனித உடலையும் கெடுக்கலாம் அன்றோ என்னும் எண்ணம் அவரை வழிநடத்தியது. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போடச் செய்து, அவனைக் காத்தார்.

1895-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். பதமாகச் சூடாக்கிப் பாலைக் காக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தமிழ்நாட்டின் குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி ஆக்கிப் பல்லாயிரவர் உயிரைக் காத்தது.

அன்பு மாணவச் செல்வங்களே! தோல் பதனிட்ட தொழிலாளியின் மகன், கெட்டுப்போன ஒரு துளிச் சாற்றை உற்று நோக்கினார்; உலகம் பயன் பெற்றது. நாமும் நம்மைச் சுற்றியுள்ளவற்றை உற்று நோக்குவோம். ஏன் என்று கேட்போம். நாளை தோசை மாவுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, அதனுள் உழைத்த கோடிக்கணக்கான நுண்ணுயிர்களையும், அவற்றை நமக்கு அறிமுகப்படுத்திய அப்பெருமகனாரையும் நினைவு கூர்வோமாக.