ரெட்ஃபெர்ன் கண்ட அன்னை

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண்மணி. அடிக்கடி காக்காய் வலிப்பால் துன்புற்றவர். கையில் பொருளும் இல்லாதவர். அவரிடமிருந்து மனநல மருத்துவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்றால் வியப்பாக இருக்கும். உளவியல் பயிலும் மாணவி என்ற முறையில், நம் பாடநூல்களில் இடம்பெறாத அந்த அம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறேன். ஷர்லி ஸ்மித் என்பது அவர் பெயர். மக்கள் அழைத்ததோ, 'மம் ஷர்ல்', அதாவது ஷர்லி அம்மா.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கௌரா என்னும் ஊரை அடுத்து எரம்பி என்றொரு குடியிருப்பு உண்டு. பூர்வகுடி மக்களை ஒதுக்கி வைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே 1920-களின் முற்பாதியில் விராஜுரி இனத்தில் பிறந்தார் ஷர்லி. வலிப்பு நோய் காரணமாகப் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலவில்லை. பாட்டனாரே ஆசானாக அமைந்தார். பல பூர்வகுடி மொழிகளும் உறவுமுறைகளும் அவருக்குக் கைவந்தன.

அவர் வாழ்ந்த காலத்தை நாம் மறந்துவிடலாகாது. அம்மாநிலத்தில் 1909-ஆம் ஆண்டு பூர்வகுடியினர் 'பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது. 1915-இல் அது திருத்தப்பட்டபின், நீதிமன்றத்தை நாடாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கும் அதிகாரம் ஒரு வாரியத்தின் கைக்குப் போயிற்று. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதனினும் கொடிய பொருள் ஒன்று இருக்குமோ? 1969-இல்தான் அவ்வாரியம் ஒழிந்தது. தாயைத் தேடும் பிள்ளை, பிள்ளையைத் தேடும் தாய். இந்தத் துயரத்தை எந்த மாத்திரை ஆற்றும்?

ஷர்லியின் தமையன்மார், தம்பியருள் ஒருவர் சிறைப்பட்டார். உடன்பிறந்தவரைக் காணச் சென்ற அவர், பார்க்க வருவார் யாருமின்றிக் கிடந்த பிறரையும் கண்டார். தம் வருகையால் அவர்களும் தேறுவதை உணர்ந்தார். பிறகு அவர்களுக்காகவே சிறைக்குச் செல்லலானார். இக்கைதிக்கு நீங்கள் என்ன உறவு என்று காவலர் கேட்கும்போதெல்லாம், தாம் அவனுடைய தாய் என்றே விடை பகர்வார். அத்தனை பிள்ளைகளா என்று காவலர் திகைத்திருக்கக்கூடும்! அப்படி வந்ததுதான் 'மம்' என்ற பட்டம்.

சட்டம் அறியாதவர்களோடு நீதிமன்றப் படியேறினார். வீடற்ற குழந்தைகளுக்கு வீடு தேடினார். பிரிந்த குழந்தைகளுக்குப் பெற்றோரைத் தேடினார். இடம் கிடைக்காதவர்கள் அவர் வீட்டிலேயே தங்கினர். அவர் வளர்த்த பிள்ளைகள் அறுபதுக்கும் மேல்.

அவர் பணியின் பயனைக் கண்ட சிறைத்துறை, மாநிலத்தின் சிறைகளுக்கெல்லாம் சென்றுவர அவருக்கு அனுமதி அளித்தது. பிற்காலத்தில் அதே துறை அந்த அனுமதியைப் பறித்தது. அவருடைய சிறைப்பணி ஏறக்குறைய முடங்கியே போயிற்று. அவர் வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி இதுதான். அரசும் மக்களும் கூட்டாகச் செயல்படுவது என்று மேடைகளில் எளிதாகப் பேசிவிடுகிறோம். திறவுகோல் ஒருவர் கையிலேயே இருக்குமானால், அதைக் கூட்டு என்று எப்படிச் சொல்வது? அது தயவு, தயவு எந்த நாளும் திரும்பப் பெறப்படலாம்.

இதற்கு மாறான ஒரு முயற்சியிலும் அம்மையாருக்குப் பங்குண்டு. சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 1971-ஆம் ஆண்டு பூர்வகுடி மருத்துவ நிலையம் தோன்றியது. கோர்டன் பிரிஸ்கோ முதலிய பூர்வகுடித் தலைவர்களும், கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோசும், ஷர்லி அம்மையாரும் அதை நிறுவியவர்களுள் அடங்குவர். ஒரு சிறு கடையறையில், தொண்டர்களாக வந்த மருத்துவர்களைக் கொண்டு தொடங்கிற்று. இங்கே முறை தலைகீழ். நிர்வாகம் பூர்வகுடி மக்களுடையது. மருத்துவர் அதன்கீழ்ப் பணிபுரிபவர். பெரிய மருத்துவமனைகளின் வாயிலில் அவமதிப்பையே கண்டவர்கள், தங்களவர் அமர்ந்திருக்கும் அறைக்குள் அஞ்சாது நுழைந்தனர். மனம் திறக்க வேண்டுமானால் முதலில் கதவு திறந்திருக்க வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களே நடத்திய முதல் மருத்துவ நிலையம் இதுவே. இதைப் பின்பற்றி நாடெங்கும் எழுந்தவை இன்று நூற்றுக்கு மேல்.

அவர் சிறைகளில் கண்ணால் கண்டதைப் பின்னர் அரசே எண்ணிப் பார்த்தது. காவலில் இறந்த பூர்வகுடியினர் பற்றி 1987 முதல் 1991 வரை ஓர் அரச ஆணையம் ஆராய்ந்தது. அது விசாரித்த மரணங்கள் 99. அவர்களுள் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். இவ்விரு எண்களையும் படித்தபின், முன்பின் அறியாத கைதிக்குத் தாய் என்று அவர் சொன்னதை நான் வெறும் அன்பின் பெருக்காகக் கருதவில்லை. நோயின் வேர் எங்கே என்று அறிந்து செய்த மருத்துவமாகவே கருதுகிறேன்.

1995-இல் பூர்வகுடி மனநலம் குறித்து நாடு தழுவிய அறிக்கை ஒன்று வெளியாயிற்று. அதைச் சேர்ந்து எழுதியவர் இருவர்: பூர்வகுடிப் பெண்மணி பாட் ஸ்வான், மனநல மருத்துவப் பேராசிரியர் பெவர்லி ராஃபேல். உடல், உள்ளம், உறவு, மண் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்கலாகாது என்றும், சேவையை வகுப்பதிலும் நடத்துவதிலும் அம்மக்களே முன்னிற்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

அம்மையாருக்கு 1977-இலும் 1985-இலும் அரசு விருதுகள் கிடைத்தன. பாபி சைக்ஸ் என்னும் எழுத்தாளரின் துணையோடு, 1981-இல் தம் வரலாற்றை நூலாக்கினார். 1998 ஏப்ரல் 28 அன்று சிட்னியில் காலமானார். ரெட்ஃபெர்ன் மருத்துவ நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. அதன் நிர்வாகம் இன்றும் அம்மக்கள் கையில்தான்.