சிறுமலரின் தந்தை

குழந்தை தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க இல்லம் இராது. கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜா மலர்களும் ஏந்தி நிற்கும் அந்த இளம் கன்னியைக் கோவில்களிலும் வீட்டுப் பீடங்களிலும் பார்த்து நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தச் சிறுமலரைப் பேணி வளர்த்த தந்தையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரும் இன்று பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதர். நினைவும் அறிவும் தடுமாறும் நோயில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த புனிதர் அவர். மறதி நோயால் வாடும் தாத்தாவோ பாட்டியோ உள்ள இல்லத்தார் அவருடைய வரலாற்றை அறிவது பெரிதும் ஆறுதல் தரும்.

லூயி மார்ட்டின் 1823-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் ஓர் இராணுவ வீரரின் மகனாகப் பிறந்தார். இளமையில் கடிகாரத் தொழிலைக் கற்றார். ஆல்ப்ஸ் மலையில் பனியில் சிக்கிய வழிப்போக்கரைக் காப்பாற்றும் புனித பெர்நார்து மடத்தில் துறவியாக வாழ விரும்பினார். இலத்தீன் மொழி தெரியாத காரணத்தால் அங்கே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் அலென்சோன் நகரில் கடிகாரக் கடை வைத்து நேர்மையாகத் தொழில் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாபாரம் நன்றாக நடக்கும் என்று தெரிந்தும் அன்று அவர் கடையைத் திறந்ததில்லை.

1858 ஜூலை 13-ஆம் நாள், லேஸ் பின்னும் தொழிலை நடத்தி வந்த செலி கெரின் என்ற பக்தியுள்ள பெண்ணை மணந்தார். பிறந்த குழந்தைகள் ஒன்பது பேரில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்கள் மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்கள். 1877 ஆகஸ்டு 28-ஆம் நாள் தாய் செலியும் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது கடைக்குட்டி தெரேசாவுக்கு நாலரை வயதுதான். தாயில்லாப் பெண்களை அழைத்துக்கொண்டு, மனைவியின் தம்பி இசிதோர் மருந்துக்கடை வைத்திருந்த லிசியே நகருக்குத் தந்தை குடிபெயர்ந்தார். அங்கே தாயும் தந்தையுமாக இருந்து அவர்களை வளர்த்தார். தெரேசாவைத் தம் சின்ன ராணி என்று அழைப்பது அவர் வழக்கம். அவளுக்கு அவர் அரசர்.

பவுலினும் மரியும் ஒருவர்பின் ஒருவராகக் கார்மேல் அடைப்பு மடத்தில் சேர்ந்தனர். 1887 மே 1-ஆம் நாள் லூயிக்கு முதல்முறையாகப் பக்கவாதம் வந்தது. அதே மாதம் பெந்தெகொஸ்தே திருநாளன்று, பதினான்கு வயதுத் தெரேசா தானும் மடத்தில் சேர அனுமதி கேட்டாள். மகளின் ஆசையைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தந்தை, தோட்டத்துச் சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பூவொன்றை வேரோடு எடுத்து அவள் கையில் கொடுத்தார். அந்தப் பூவில் தெரேசா தன்னையே கண்டாள். அந்த ஆண்டு நவம்பரில் செலினையும் தெரேசாவையும் ரோமாபுரிக்கு அழைத்துச் சென்று, பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரைக் காணச் செய்தார். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் தெரேசாவும் மடம் புகுந்தார்.

பெரிய சோதனை அதன்பின் தொடங்கியது. 1888 ஜூன் 23-ஆம் நாள் லூயி எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். வீட்டார் பதறினர். லெ ஹாவ்ர் துறைமுக நகரில் அவர் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. செலினும் மாமா இசிதோரும் அங்கே சென்று தேடி, நான்காம் நாள் அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தனர். அதன்பின் அவர் நிலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 1889 ஜனவரி 10-ஆம் நாள் தெரேசா மடத்து உடுப்புப் பெற்றபோது, தந்தை தெளிந்த முகத்தோடு வந்து மகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அந்த நல்ல நாளுக்குப் பின் ஒரு மாதம் கழிந்த வேளையில், போர் நடப்பதாகவும் பீரங்கி முழங்குவதாகவும் அவர் மனத்தில் தோற்றம் எழுந்தது. தம் பெண்களைக் காக்க வேண்டுமென்று கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். வேறு வழியின்றி, பிப்ரவரி 12-ஆம் நாள் அவரைக் கான் நகரில் கன்னியர் நடத்திய மனநோய் மருத்துவமனையில் சேர்த்தனர்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட இடத்தில் சேர்க்கப்படுவது குடும்பத்துக்கே பெரும் அவமானமாகக் கருதப்பட்டது. பெண்கள் எல்லாரும் மடத்துக்குப் போனதால்தான் தந்தைக்குப் புத்தி பேதலித்தது என்று ஊரார் பேசினர். அந்தப் பேச்சு மடத்துச் சுவர்களைத் தாண்டித் தெரேசாவின் காதிலும் விழுந்தது. அடைப்பு மடத்தில் இருந்த அவரால் தந்தையைப் போய்ப் பார்க்கவும் இயலாது. செலினும் லெயோனியும் கான் நகரிலேயே சில மாதம் தங்கினர். நாள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று தந்தையின் நலம் விசாரித்தனர். வாரத்தில் ஒரு நாள்தான் அவரைக் காண அனுமதி கிடைத்தது.

லூயிக்கு எல்லாம் மறந்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தெளிவான வேளைகளில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். வாழ்நாளில் தமக்குத் தாழ்மை நேர்ந்ததில்லை என்றும், இது தமக்குத் தேவைதான் என்றும் மருத்துவரிடம் அவர் சொன்னதாக வரலாறு கூறுகிறது. 1889 ஜூன் மாதம் அவருடைய சொத்துக்களை நிர்வகிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி பத்திரத்தில் கையெழுத்து வாங்கினர். பிள்ளைகளுக்காகவே அது செய்யப்படுகிறது என்று அறிந்தபோது, அவர்களுக்கும் தம்மேல் நம்பிக்கை போய்விட்டதே என்று எண்ணி அவர் தேம்பி அழுதார். நினைவு தவறியவருக்கு மனம் நோகாது என்று எவரேனும் எண்ணினால், இந்த ஒரு நிகழ்ச்சியே அவர்களுக்குப் பதில்.

நோயின் தொடக்கத்தில் அவர் தம் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொள்வதுண்டு. தெரேசாவோ துறவுப் பெயரோடு இயேசுவின் திருமுகம் என்பதையும் சேர்த்துக்கொண்டவர். பாடுகளின் வேளையில் உருக்குலைந்து மறைந்திருந்த ஆண்டவரின் திருமுகத்தைத் தம் தந்தையின் முகத்தில் அவர் கண்டார். நெஞ்சைப் பிளந்த அந்த மூன்று ஆண்டுகளைத் தம் குடும்பத்துக்குக் கிடைத்த செல்வமாகவே பின்னர் எழுதிவைத்தார்.

கால்கள் இரண்டும் செயலிழந்த பின், 1892 மே 10-ஆம் நாள் லூயியை லிசியேவுக்கு அழைத்து வந்தனர். இரண்டு நாள் கழித்து அவரை மடத்துக்குக் கொண்டு சென்றனர். மூன்று துறவி மகள்களும் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். விடைபெறும்போது அவர் கண்களை உயர்த்தி, விரலால் வானத்தைச் சுட்டிக்காட்டினார். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அவரைப் பராமரித்த பெருமை செலினுக்கு உரியது. மடத்தில் சேர வேண்டும் என்ற தம் ஆசையை அவர் 1888-லேயே தந்தையிடம் சொல்லியிருந்தார். இருந்தும் தந்தைக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். லெயோனியும் மாமா வீட்டாரும் வேலைக்காரரும் அவருக்கு உதவினர். 1894 ஜூலை 29-ஆம் நாள் எவ்ரே நகருக்கு அருகில் உள்ள ல மியூஸ் என்னும் இடத்தில், செலின் அருகிருந்து செபம் சொல்ல, லூயி தம் 70-ஆம் வயதில் உயிர் துறந்தார். கடைசி நேரத்தில் தந்தை தம்மைப் பார்த்த பார்வையில் அறிவும் நன்றியும் நிறைந்திருந்ததைச் செலின் பின்னாளில் எழுதியிருக்கிறார். செப்டம்பர் 14-ஆம் நாள் செலினும் கார்மேல் மடம் புகுந்தார்.

லூயியும் செலியும் 2008 அக்டோபர் 19-ஆம் நாள் லிசியேவில் முத்திப்பேறு பட்டம் பெற்றனர். 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் புனிதர்களாக அறிவித்தார். கணவனும் மனைவியும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றது திருச்சபை வரலாற்றில் அதுவே முதன்முறை.

அன்பு மாணவிகளே, லூயிக்கு வந்தது மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டு, அடுத்தடுத்துப் பக்கவாதம் தாக்கியதால் வந்த நோய். இரத்தம் செல்லாத மூளைப் பகுதி செயலிழக்கும்போது நினைவும் நிதானமும் குறைகின்றன. இப்படி வரும் நோயையும், 1906-ல் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விளக்கிய நோயையும், இவை போன்ற பிறவற்றையும் சேர்த்து டிமென்ஷியா என்கின்றனர். அது எவருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல. பிள்ளைகளின் குற்றமும் அல்ல. அதை மறைக்க வேண்டிய அவமானமாக எண்ணாமல் காலத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால், பக்கவாதத்தால் வரும் கேட்டைப் பெரிதும் குறைக்கலாம்.

வீட்டில் இந்நோய் உள்ளவர் இருந்தால் நாம் செய்யக்கூடியவை பல. லூயியைப்போல் வழி தவறிப் போகக்கூடும் என்பதால், பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை அவர் சட்டைப்பையிலோ முந்தானையிலோ வைக்கலாம். அண்டை வீட்டாரிடமும் சொல்லி வைக்கலாம். இல்லாததை இருப்பதாகச் சொல்லி அஞ்சினால், வாதாடாமல் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமரலாம். ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைக்க வேண்டும். அவருடைய பணத்தையோ பொருளையோ பற்றி முடிவு செய்யும்போது, அவர் மனம் நோகாதபடி சொல்லிச் செய்ய வேண்டும். தெளிவான வேளை வந்தால், அவரோடு பேசவும் சிரிக்கவும் செபமாலை சொல்லவும் அதைப் பயன்படுத்த வேண்டும். பராமரிப்பு முழுவதையும் அம்மா ஒருவர் தலையிலேயே சுமத்தாமல், மாலையில் ஒரு மணி நேரமாவது நாம் ஏற்றுக்கொண்டால் அதுவே பெரிய உதவி. வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமல் மருத்துவமனையிலோ இல்லத்திலோ சேர்க்க நேர்ந்த குடும்பங்களும் மனம் கலங்க வேண்டாம். ஒரு புனிதையின் குடும்பமே அதைச் செய்தது. ஆனால் செலினைப்போல் போய்ப் பார்ப்பதை விடக்கூடாது.

நம் பெயரைப் பாட்டி மறந்து போகலாம். பாட்டியின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது அல்லவா? லூயியின் பிள்ளைகளுக்கும் அதுவே போதுமாயிருந்தது. புனித லூயி மார்ட்டினே, நினைவு தவறி வாடும் எல்லாருக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் கைகளுக்காகவும் இறைவனை மன்றாடும்.