ஆல்டஸ் ஹக்ஸ்லி

விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லியின் பேரரான ஆல்டஸ் ஹக்ஸ்லி, 1894-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் இங்கிலாந்தில் தோன்றினார். பதினான்கு வயதில் தாயை இழந்தார். பதினாறில் கண்ணோய் கண்டு ஏறக்குறைய பார்வையற்றவரானார். மனந்தளராது பிரெயில் எழுத்தைக் கற்று விரல்களாலேயே படித்தார். குளிர்காலத்தில் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டே படிக்கலாம் என்று வேடிக்கையும் பேசுவாராம்! ஓரளவு பார்வை மீண்டபின் ஆக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறி, ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராயிருந்தார். அங்கு அவரிடம் பிரெஞ்சு மொழி பயின்ற மாணவர் ஒருவரே பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் எனப் புகழ்பெற்றார்.

1932-இல் வெளிவந்த 'பிரேவ் நியூ வேர்ல்டு' என்னும் நாவல் வருங்கால உலகைப் பற்றியது. அவ்வுலகில் கடைநிலைத் தொழிலாளராக வேண்டிய குழந்தைகள் புத்தகத்தையும் மலரையும் நாடித் தவழ்ந்தால் மின்சார அதிர்ச்சி தருவர். வளர்ந்தபின் அவர்கள் புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பர். பின்னர் நூல்களைத் தடைசெய்ய வேண்டிய தேவை ஏது? 1949-இல் ஆர்வெலின் '1984' வெளிவந்தபோது, தடியையும் சிறையையும்விட, அடிமை வாழ்வையே விரும்பப் பழக்குவது ஆள்வோர்க்கு எளிது என்று பழைய மாணவருக்கு மடல் வரைந்தார் ஹக்ஸ்லி. கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத நம் காலனிச் சிறுவர்களைக் காணுங்கால், ஆசிரியரின் கட்சியே வலுவுடையதென எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு அண்மையிலுள்ள மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி அவருடைய நெருங்கிய நண்பர். அவரது நூலொன்றுக்கு ஹக்ஸ்லி முன்னுரையும் எழுதினார். 1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மூண்ட காட்டுத்தீயில் அவர் வீடும் நூல்களும் சாம்பலாயின. மறு ஆண்டே 'ஐலண்டு' என்னும் தம் இறுதி நாவலை வெளியிட்டார். 1963 நவம்பர் 22-ஆம் நாள் மறைந்தார். கென்னடி சுடப்பட்டதும் அந்நாளே. ஆகவே ஹக்ஸ்லியின் மறைவை உலகம் அன்று அதிகம் கவனிக்கவில்லை.