கோவை ஜி. டி. நாயுடு: பிரித்தலும் பூட்டுதலும்

நம் குலத்துத் தோன்றிக் கொங்கு நாட்டின் பெயரைக் கடல் கடந்தும் விளங்கச் செய்தவர் ஜி. டி. நாயுடு எனப்பெறும் கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவர். 2025ஆம் ஆண்டு கோவை அவினாசி சாலையில் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டப் பாலம் அன்னாரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரை நம்மவர் என்று சொல்லி மகிழ்தல் எளிது. அவர் விரும்பிச் செய்த தொழிலை நம் மக்கள் செய்ய நாம் இசைதலோ அரிதாயிருக்கின்றது. ஆதலின் அவர் வாழ்வின் ஒரு கூறினை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றேன்.

அவர் 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண்குடியிற் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். பள்ளிக்கூடம் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. ஆசிரியத் தொழில் பூண்ட என்போல்வார் இதனை நாணத்தோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் ஆங்கில நாட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி வரக் கண்டார் இளைஞர் துரைசாமி. மாடும் குதிரையும் இன்றி ஓடும் வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றிற் பரிமாறும் பணியை மேற்கொண்டு, கூலியைச் சேர்த்து, அத்தகைய வண்டியையே விலைக்குப் பெற்றார். பெற்றவர் அதில் ஏறி உலா வருதலோடு அமையாது, அதனை உறுப்புறுப்பாகப் பிரித்து, மீண்டும் பூட்டி, அதன் இயல்பைக் கற்றார். அதுவே அவர் பயின்ற கல்லூரியாயிற்று.

இச்செயலின் அருமையை உணர வேண்டின், இயந்திரம் இயங்கும் நெறியைச் சிறிது அறிதல் வேண்டும். கழற்றுதற்கு ஸ்பானரும் தோள்வலியும் போதும். பூட்டுதற்கோ காலம் அறியும் அறிவு வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் பிஸ்டன் மேலேறி, எண்ணெய்ப் புகையும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகின்றது. நெருக்கம் முடியும் தறுவாயில் பிளக்கில் தீப்பொறி தோன்றுதல் வேண்டும். பொறி மிக முந்தினால், மேலேறும் பிஸ்டன் கீழே தள்ளப்படும். கையாற் சுழற்றிக் கிளப்பும் பழைய வண்டிகளில் கைப்பிடி திருப்பியடித்து மணிக்கட்டை முறிப்பதும் உண்டு. பொறி பிந்தினால் இஞ்சின் வலிமை குன்றும்; சூடேறும்; எண்ணெய் வீணாகும்.

புதுப்பித்துப் பூட்டிய லாரி இஞ்சின் கிளம்பாது கார்புரேட்டர் வழியே வெடித்துத் துப்புமாயின், உறுப்புக்கள் யாவும் நன்றாயிருப்பினும் அவற்றின் காலப் பொருத்தம் தவறியிருத்தல் கூடும். பிஸ்டன் ஒரு வட்டத்துள் இருமுறை உச்சியை அடையும். ஒன்று நெருக்கத்தின் முடிவு, மற்றொன்று புகைபோக்கின் முடிவு. இவ்விரண்டையும் மயங்கி, புகைபோக்கின் உச்சியிற் பொறியை அமைத்துவிடுதல் தேர்ந்தாருக்கும் நேரும் பிழை. இதனை அறிய வழி எளியது. முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அத்துளையை விரலால் மூடி, இஞ்சினை மெல்லச் சுழற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளுமாயின் வருவது நெருக்கத்தின் உச்சி. அடுத்து, பல்சக்கரங்களிற் பொறித்த குறிகள் ஒன்றையொன்று நோக்குகின்றனவா எனக் காண வேண்டும். ஒரு பல் தவறினும் வால்வுகள் காலந்தவறித் திறக்கும். பின்னர், பொறியை எழுப்பும் தொடுமுனைகளின் இடைவெளியை முதலிற் சரிசெய்து, அதன் பின்னரே பொறியின் காலத்தை அமைக்க வேண்டும்; முறை மாறின் செய்த வேலை கெடும். இறுதியாக, நான்கு சிலிண்டர்களுக்குரிய கம்பிகள் 1, 3, 4, 2 என்றோ, அவ்விஞ்சினுக்குரிய வேறு வரிசையிலோ செல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றுவோன் எது குற்றம் என்பதை என்றும் அறியான்.

இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக ஆராயும் பொறுமையே நாயுடு தம் கைகளால் ஈட்டிய கல்வி. 1920இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் மோட்டார் வண்டியொன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாயிற்று. வண்டி வழியில் நின்றால் முருகனைக் காணச் செல்வோரும் சந்தைக்குச் செல்வோரும் வெயிலில் நிற்பர். ஆதலின் பட்டறை செம்மையாக நடந்தாலன்றி இத்தொழில் நிலைபெறாது.

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி, இந்நாட்டிலேயே மின்மோட்டார் ஆக்குதற்கு முன்னின்றார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையிற் பொறியியற் கல்லூரி தோன்றத் துணைநின்று, அதன் தலைமையையும் ஏற்றார். நெடிய படிப்பு காலத்தை வீணாக்கும் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்கு இசையாமையின் விலகினார். 1952இல் இருவர் அமரும் சிறு காரொன்றை 2,000 ரூபாய் விலையில் தரக்கூடிய வகையில் ஆக்கினார். உரிமம் கிடையாமையின் அம்முயற்சி நின்றது. காலத்துக்கு முந்திய பொறி திருப்பியடிக்கும் என்றேன். அவர்தம் எண்ணங்கள் சிலவற்றுக்கும் அதுவே நேர்ந்தது. எனினும் அவர் சோர்ந்திலர். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறையும் வரை, ஆராய்தலையும் பிறர்க்குக் கற்பித்தலையும் விட்டிலர்.

இக்காலத்து லாரிகளில் டீசலே எரிகின்றது. அங்குத் தீப்பொறி இல்லை, எண்ணெய் பீச்சும் காலமே உண்டு. புதிய கார்களில் கணிப்பொறியே காலத்தை அமைக்கின்றது. ஆயினும் குற்றம் எங்குள்ளது என்று தேடும் அறிவை எந்தக் கருவியும் நமக்கு விலைக்குத் தாராது.

பெற்றோர்களே! பொறியியற் பட்டம் பெற்றும் ஓர் இஞ்சினைக் கையாற் பிரித்தறியாத பிள்ளைகள் நம் வீடுகளில் உளர். பட்டறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளையைக் குலப்பெருமை கூறித் தடுப்பாரும் உளர். கையிற் கரி படிதல் இழிவாயின், இன்று நாம் பெருமையோடு சொல்லும் அப்பெயர் நமக்கு வாய்த்திராது. ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, ஆர்வமுள்ள பிள்ளையின் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுங்கள், பிரிக்க விடுங்கள், மீண்டும் பூட்டும் வரை பொறுத்திருங்கள். நாயுடு அவர்கட்கு நாம் செலுத்தத் தகும் நன்றி அதுவே.