கஞ்சாவை மருந்தாக்கிய 'தந்தி' டாக்டர்... அபின் பழக்கத்தை விட அது உதவியதா?

தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டை பக்கம் கஞ்சா என்றாலே போலீஸ், கேஸ், கோர்ட்டுதான் ஞாபகத்துக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அதே கதைதான். ஆனா ஒரு காலத்துல இந்தச் செடியின் சாறு லண்டன் மருந்துக் கடைகளில் பாட்டிலில் விற்றது. அதுக்குக் காரணம் வில்லியம் ஓ'ஷானெசி. யார் இவர்?

1809-ல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். எடின்பரோவில் டாக்டர் படிப்பு. காலரா நோயாளியின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைவதை 1832 வாக்கிலேயே கண்டுபிடித்துச் சொன்னார். இன்னைக்கு ஆஸ்பத்திரியில் ஏத்துற சலைன் பாட்டிலுக்கு அதுதான் ஆரம்பம்.

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக கல்கத்தா வந்தார். இங்கே வைத்தியர்களும் ஹக்கீம்களும் கஞ்சாவை மருந்தாகக் கொடுப்பதைப் பார்த்தவர், பண்டிதர்களிடம் விவரம் கேட்டார். முதலில் விலங்குகளுக்கு, பிறகுதான் நோயாளிகளுக்கு. கஞ்சாப் பிசினை ஆல்கஹாலில் கரைத்து மருந்தாக்கினார்.

முடிவுகளை 1839-ல் வெளியிட்டார். வலிப்பு வந்த 40 நாள் குழந்தை பிழைத்தது. தசை இறுகும் டெட்டனஸ் நோயாளிகள் சிலர் தேறினார்கள். வெறிநாய்க்கடி நோயாளி பிழைக்கவில்லை, வேதனை மட்டும் குறைந்தது. வாத நோயாளி ஒருவருக்கோ நினைவு தப்பி, கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றதாம்! அதையும் மறைக்காமல் எழுதினார். தொடர்ந்து பயன்படுத்தினால் புத்தி பேதலிக்கும் என்றும் எச்சரித்தார். நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போகலை என்பதுதான் இவரிடம் கவனிக்க வேண்டியது.

அப்புறம் ஆள் தந்தி பக்கம் போய்ட்டார். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸை இணைத்த தந்திக் கம்பி இவர் வேலைதான். 1856-ல் சர் பட்டமும் கிடைத்தது.

அபினுக்கு மாற்றாக...

1889 ஜனவரியில் இங்கிலாந்தில் இறந்தார். அதே மார்ச்சில், கல்கத்தாவில் பணியாற்றிய எட்வர்ட் பர்ச் என்ற டாக்டர், அபினுக்கு அடிமையானவரைக் கஞ்சா மருந்து கொடுத்து மீட்டதாக லான்செட் இதழில் எழுதினார். கூடவே ஒரு கண்டிஷன்: மருந்தின் பெயரை நோயாளியிடம் சொல்லவே கூடாது. சொன்னால், அபினை விட்டவர் கடைத்தெருவில் கஞ்சா வாங்கி அதுக்கு அடிமையாகிவிடுவார் என்பது அவர் பயம்.

அந்தக் கேள்வி இன்னும் முடியலை. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி என்ற பொருளை 2019-ல் அமெரிக்காவில் ஹெராயினை விட்டிருந்த 42 பேரிடம் சோதித்தார்கள். ஏக்கமும் பதற்றமும் குறைந்தன. ஆனா அது சின்ன ஆய்வு. ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் பியூப்ரநார்ஃபின், மெத்தடோன் மருந்துகளை இந்த எண்ணெயால் விட்டுவிடலாம் என்று அது நிரூபிக்கவில்லை.

இந்தியாவில் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாத கஞ்சா எண்ணெய் குற்றம். அதில் எவ்வளவு வீரியம் இருக்குன்னும் வாங்குறவருக்குத் தெரியாது. மாற்று மருந்தைத் திடீர்னு நிறுத்தினால் உடம்பு பழைய போதையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அந்த நேரத்தில் மறுபடி பழைய அளவு ஹெராயின் எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம். அதனால் டோஸைக் குறைப்பதாக இருந்தால், மருந்து தரும் மையத்து டாக்டர்கிட்ட சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்.